பட்டியலில் இல்லாத நடுக்கங்கள்

இமயம் இளைய மலை, அதன் அடியில் நிலம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. தக்காணமும் அதற்குத் தெற்கே உள்ள நிலமும் பழம்பாறை, அது அசையாது. பல தலைமுறைகளாகப் பள்ளிப் பாடமாக இருந்த செய்தி இது. முதல் பாதியில் பிழை இல்லை. இரண்டாம் பாதி எப்படி உருவானது என்று தேடிப் போனால், அது பாறையைச் சோதித்துச் சொன்னது என்பதைவிட நிலநடுக்கப் பட்டியலைப் பார்த்துச் சொன்னது என்பதே உண்மைக்கு அருகில் வரும். பட்டியலில் அசாமும் காஷ்மீரும் கட்சும் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தன. தெற்கே சில வரிகளே இருந்தன. அந்த வெற்றிடத்தை நிலத்தின் அமைதி என்று படித்தார்கள். அது பெருமளவுக்குக் கவனிப்பவர் இல்லாததால் வந்த வெற்றிடம் என்பதே என் வாதம். ஒரு வட்டாரத்தின் நிலநடுக்கப் பட்டியல் அந்த நிலத்தின் வரலாறாக இருக்கும் அளவுக்கு, அதை எழுதியவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதன் வரலாறாகவும் இருக்கிறது.

இந்தியாவுக்கென்று தொகுக்கப்பட்ட பழைய பட்டியல்களில் முதன்மையானது தாமஸ் ஓல்டாம் செய்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை 1851 முதல் நடத்தியவர் அவர். தொல்காலம் முதல் 1869-ஆம் ஆண்டு முடியக் கிடைத்த குறிப்புகளையெல்லாம் சேர்த்து வைத்துவிட்டு 1878-இல் இறந்தார். மகன் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதைச் செப்பனிட்டு 1883-இல் வெளியிட்டார். பெரும் உழைப்பு அது. இன்றைக்கும் எந்த ஆய்வாளரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அதன் மூலங்கள் என்ன? செய்தித்தாள்கள், சங்க இதழ்கள், அதிகாரிகளின் கடிதங்கள். அதாவது ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் விழித்திருந்து, அதிர்வை உணர்ந்து, அதை எழுதத்தக்க செய்தி என்று கருதி, அவர் கடிதம் அச்சுக்குப் போனால்தான் ஒரு நடுக்கம் பட்டியலில் ஏறும். படைமுகாம், கலெக்டர் கச்சேரி, மிஷன் பங்களா, துறைமுகம் ஆகிய இடங்களில் நடுக்கங்கள் குவிந்து தெரிவதற்கு இதுவே காரணம். 1816-இல் சென்னை, 1822-இல் வந்தவாசி–வேலூர்ப் பக்கம், 1867-இல் விழுப்புரம் பக்கம் என்று பிற்காலப் பட்டியல்கள் இடம் குறிக்கும்போது, அந்தப் பெயர்கள் நிலம் பிளந்த இடங்களா, சாட்சிகள் வாழ்ந்த இடங்களா என்று கேட்டுத்தான் தீரவேண்டும்.

1900 பிப்ரவரியில் நடந்த கோயம்புத்தூர் நிலநடுக்கம் இந்தக் கேள்வியை நன்றாக விளக்கும். ஏறத்தாழ 6 அளவுள்ள அதிர்வு. தென்னிந்தியாவின் பெரும்பகுதி உணர்ந்தது. அதன் மையத்தைப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் வைப்பது வழக்கம். கணவாய்க்கு அடியில் மிகப் பழைய பலவீன மண்டலம் ஒன்று ஓடுகிறது; ஆகவே அந்த இடம் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவிலுள்ள கணவாயில்தான் ஊர்களும் 1862 முதல் ரயில்பாதையும் இருந்தன. சேதத்தைச் சொல்ல ஆளும், அதைக் கொண்டுபோகத் தந்தியும் இருந்த இடம் அது. மையம் ஆனைமலைச் சரிவில் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தாலும் சாட்சியங்கள் கணவாயையே காட்டியிருக்கும். தேதிகூட ஒரு பொறிதான். நடுக்கம் வந்தது பிப்ரவரி 8 விடியற்காலை, மூன்று மணியளவில். ரயிலும் தந்தியும் பின்பற்றிய மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. ஆகவே உலக நேரப்படி அது பிப்ரவரி 7 இரவு. ஒருவர் 7 என்றும் இன்னொருவர் 8 என்றும் எழுத, பின்னால் வருபவர் இரண்டையும் சேர்த்தால் ஒரே நடுக்கம் இரண்டாகிவிடும். கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் நேரங்களை வைத்திருந்த காலம் அது. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகும் அந்த இரு நகரங்களும் உடனே மாறவில்லை.

இப்படிப்பட்ட மூலங்களை நம்பவே கூடாது, கருவி வந்த பிறகான பதிவுகளை மட்டும் எடுத்துக்கொள்வதே அறிவியல் என்று ஒரு மறுப்பு எழலாம். அதற்கு ஆதரவாகக் காட்டத்தக்க ஓர் உதாரணமும் உண்டு. 1737 அக்டோபரில் கல்கத்தாவில் நிலநடுக்கத்தால் 3,00,000 பேர் மாண்டதாக லண்டன் இதழ்களில் செய்தி வந்தது, பட்டியல்களில் ஏறியது, உலகின் மிகக் கொடிய நிலநடுக்கங்களின் வரிசையில் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. அன்றைய கல்கத்தாவின் மக்கள்தொகையே அதில் சிறு பங்குதான். 1994-இல் ரோஜர் பில்ஹம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களைத் திரும்பப் படித்து, நடந்தது புயலும் வெள்ளமும் என்றும், கம்பெனி அதிகாரி ஒருவர் நகரத்தில் சுமார் 3,000 பேர் இறந்ததாகவே கணக்கிட்டார் என்றும் காட்டினார். இந்தக் கதையிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. தவறைத் திருத்தியது இன்னொரு பழைய காகிதம், கருவி இல்லை. பழைய மூலங்களைத் தூக்கி எறிந்திருந்தால் பிழையோடு சேர்த்து அதைத் திருத்தும் வழியும் போயிருக்கும். தெற்கே இதே உழைப்பு எதிர்த்திசையில் பலன் தந்தது. எச். என். ஸ்ரீவத்சவாவும் கே. ராமச்சந்திரனும் 1839 முதல் 1900 வரையிலான தீபகற்ப நடுக்கங்களுக்குப் புதிய பட்டியல் தயாரித்து 1985-இல் வெளியிட்டார்கள். பழைய பட்டியலில் இடம்பெறாத அதிர்வுகள் அதில் இடம்பெற்றன. நிலம் புதிதாக எதையும் செய்துவிடவில்லை, படித்தவர்கள் புதியவர்கள்.

கருவிகள் வந்தவுடன் இந்தக் குறை தீர்ந்ததா என்றால், நீண்ட காலத்துக்கு இல்லை. 1897 ஜூன் 12-இல் ஷில்லாங் பீடபூமியைக் குலைத்த பெருநடுக்கத்துக்குப் பிறகுதான் அரசு கண் திறந்தது. கல்கத்தாவின் அலிப்பூரில் 1898 டிசம்பரிலும், அதையொட்டிப் பம்பாயின் கொலாபாவிலும் கோடைக்கானலிலும் ஜான் மில்ன் வடிவமைத்த அதிர்வுமானிகள் நிறுவப்பட்டன. மகன் ஓல்டாம் உலகெங்குமிருந்து வந்த பதிவுகளை ஒப்பிட்டு, ஒரு நடுக்கத்திலிருந்து வேகமான முதல் அலையும் மெதுவான இரண்டாம் அலையும் தனித்தனியே வருவதை 1900-இல் நிறுவினார். தூரம் காண்பதற்கு அடிப்படை அதுதான். இரண்டு அலைகளுக்கும் இடையே எத்தனை விநாடி என்று பார்த்து, அதை எட்டால் பெருக்கினால் நிலையத்திலிருந்து மையம் ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். மூன்று நிலையங்களின் தூரங்களை வட்டங்களாக வரைந்தால் அவை சந்திக்கும் இடம் மையம். முறை எளிது. ஆனால் மில்ன் கருவியின் காகிதச் சுருள் மணிக்கு ஆறு சென்டிமீட்டர்தான் நகர்ந்தது. ஒரு நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர். கூர்மையான கண் அதில் பத்தில் ஒரு பங்கைப் படித்தாலும் அது ஆறு விநாடி; ஆறு விநாடிப் பிழை என்றால் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர் தவறு. வட்டார நடுக்கம் ஒன்றில் முழுக் கோடும் சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். சுமத்ராவிலோ ஜப்பானிலோ நடந்த பெரிய நடுக்கத்தைக் கோடைக்கானல் அழகாகப் பதிவு செய்தது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் நடந்த சிறியதைப் பிரித்தறிய அந்தக் காகிதத்துக்கு வழியில்லை.

நிலைமையை மாற்றியது அணுகுண்டு பற்றிய அச்சம். நிலத்தடிச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா 1960-களில் உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே மாதிரியான கருவிகளை வைத்தது. கோடைக்கானலுக்கும் ஒரு தொகுதி வந்தது. குறுகிய அலைகளுக்கான அதன் தாள் நிமிடத்துக்கு ஆறு சென்டிமீட்டர் ஓடியது; பழையதைவிட அறுபது மடங்கு. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் பிரிட்டிஷ் உதவியோடு 1965-இல் அமைந்த கருவித் தொகுதியின் நோக்கமும் அதுவே. வேறொன்றுக்காக வைத்த காதில்தான் தென்னிந்தியாவின் சிற்றதிர்வுகள் கேட்கத் தொடங்கின. கூடவே ஒரு புதிய சிக்கலும் வந்தது. கோலார் தங்கவயலில் ஆழச் சுரங்கங்களில் பாறை வெடித்துச் சிதறும்போது நிலம் அதிரும். கல்குவாரி வெடிகளும் பதிவாகும். இடத்தைச் சில கிலோமீட்டருக்குள் குறிக்க முடியாவிட்டால், மனிதன் செய்த அதிர்வும் நிலத்தின் அதிர்வும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும்.

அதே காலத்தில்தான் அந்த வெற்றிடம் அரசு ஆவணமாகவும் ஆனது. 1962-இல் வெளியான நிலநடுக்க மண்டல வரைபடம் தீபகற்பத்தின் பெரும்பகுதியைப் பூஜ்ய மண்டலம் என்றது. ஐந்தே ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11 அதிகாலையில், மகாராஷ்டிராவின் கொய்னாவில் 6.3 அளவுள்ள நடுக்கம் ஏறத்தாழ இருநூறு உயிர்களைப் பறித்தது. 1970-இல் வரைபடத்திலிருந்து பூஜ்யம் நீக்கப்பட்டது. கொய்னா தந்த பாடம் அதோடு முடியவில்லை. 1962-இல் அணையில் நீர் தேக்கத் தொடங்கிய பிறகே அதிர்வுகள் பெருகின. பின்னர் நெருக்கமாக வைத்த கருவிகள், நடுக்கங்கள் சுமார் இருபதுக்கு முப்பது கிலோமீட்டர் பரப்புக்குள், பத்து கிலோமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் குவிவதைக் காட்டின. தேங்கிய நீருக்கும் நடுக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பொதுவான ஊகத்திலிருந்து ஆராயத்தக்க கேள்வியாக மாற்றியது இந்தத் துல்லியம்தான். குறிப்பாக ஆழம்: மையத்துக்கு மிக அருகில் ஒரு நிலையமாவது இல்லாமல் ஆழத்தைச் சொல்ல முடியாது. இந்தியப் பட்டியல்களில் பல நடுக்கங்களுக்கு எதிரே 10 அல்லது 33 கிலோமீட்டர் என்று திரும்பத் திரும்ப வரும் எண் பெரும்பாலும் அளந்து கண்டது அல்ல. கணக்கு முடிவதற்காக வைத்த எண்.

உயிர்ச்சேதம் இல்லாத சிற்றதிர்வுகளை இவ்வளவு பாடுபட்டு எண்ணி என்ன பயன், வீண் பீதிதானே என்று கேட்பவர்கள் உண்டு. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் 6.2 அளவுள்ள நடுக்கம் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரைக் கொன்றது. மண் சாந்தில் அடுக்கிய கனமான கற்சுவர்கள் உறங்கியவர்கள் மேல் சரிந்தன. அப்போதைய வரைபடத்தில் அந்த ஊர் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலம். அங்கே பெரிய நடுக்கம் வந்ததாக எந்தப் பட்டியலிலும் வரி இல்லை. ஆனால் 1992-இன் பிற்பகுதியில் அந்த வட்டாரத்து மக்கள் சிற்றதிர்வுகளை மீண்டும் மீண்டும் உணர்ந்திருந்தார்கள். அவற்றின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் அளவுக்கு நெருக்கமான கருவி வலை அங்கே இல்லை. இருந்திருந்தால் நாளும் நேரமும் முன்கூட்டித் தெரிந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். அப்படி எந்தக் கருவியும் சொல்லாது, பெரும்பாலான சிற்றதிர்வுத் தொடர்கள் எதுவும் நிகழாமலே அடங்கிப்போகும். ஊருக்கடியில் உயிருள்ள பிளவு ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்கும். கற்சுவர்களுக்கு மரக்கட்டோ கம்பிக்கட்டோ போட அந்த அறிவு போதும். அளவு ஒரு எண் குறையும்போது நடுக்கங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆகவே பெரியது வர நூற்றாண்டுகள் ஆகும் நிலத்திலும் சிறியவை அடிக்கடி வந்து பிளவின் கோட்டை வரைந்து காட்டும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் தீபகற்பம் இமயத்தைவிட அமைதியானதுதானே என்றால், ஆம், அதில் ஐயமில்லை. நான் மறுப்பது அந்த ஒப்பீட்டை அல்ல. ‘குறைவு’ என்பது ‘இல்லை’ என்று மாறிப்போனதை. இன்னொரு பக்கம், கருவிகள் பெருகியதால் பட்டியல் நீள்வதைக் கண்டு நிலமே கொந்தளிக்கத் தொடங்கிவிட்டது என்று அஞ்சுவதும் அதே பிழையின் மறுபக்கம். எந்த ஆண்டிலிருந்து எந்த அளவுக்கு மேற்பட்ட நடுக்கங்கள் தவறாமல் பதிவாகியிருக்கின்றன என்பதை வட்டாரவாரியாகச் சொல்லாத பட்டியலை வைத்துக் கூடியது என்றும் சொல்ல முடியாது, குறைந்தது என்றும் சொல்ல முடியாது.

2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் 5.5 அளவுள்ள நடுக்கம் வந்தது. சென்னையில் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். மறு ஆண்டு திருத்திய வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. கருவிகள் இருந்ததால் இந்த மையம் கடலில் விழுந்தது. 1867-இல் இதே நடுக்கம் வந்திருந்தால் பட்டியலில் அது ஏதோ ஒரு கரையோர ஊரின் பெயரிலேயே ஏறியிருக்கும், ஏனெனில் கடலில் கடிதம் எழுத ஆளில்லை. விழுப்புரம் புதுச்சேரியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். 1867-இன் நடுக்கம் உண்மையில் விழுப்புரத்தடியில் நடந்ததா, 2001-இல் அசைந்த அதே கடலடிப் பிளவிலா என்பதை முடிவுசெய்ய, அது கடற்கரையில் பலமாக இருந்ததா உள்நாட்டில் பலமாக இருந்ததா என்று தெரிய வேண்டும். அதற்கான சாட்சியம் ஓல்டாமின் ஆங்கில மூலங்களுக்கு வெளியே, புதுச்சேரியின் பிரெஞ்சு நிர்வாகக் காகிதங்களிலும், தரங்கம்பாடி மிஷன் கடிதங்களிலும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தென்னார்க்காடு மாவட்டக் கட்டுகளிலும் தேடப்பட வேண்டியது. அந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க நில அதிர்வு தெரிந்த ஒருவரும், பிரெஞ்சும் ஜெர்மனும் பழைய தமிழ்க் கையெழுத்தும் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார வேண்டும்.