அரங்கம் எழுந்தால் ஊர் எழுமா?



அண்மையில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மண்டபத்தில் எங்கள் மன்ற நிகழ்ச்சியைப் பதிவு செய்தோம். ஊர் மேம்பாடுதான் அன்றைய தலைப்பு. இளைஞர் ஒருவர் எழுந்து, "அக்கா, ரிங்லெட் ஏரிக்கரையில பெரிய காற்பந்து அரங்கம் ஒன்னு கட்டினா, ஊரை விட்டுப் போனவங்க திரும்பி வந்துருவாங்க இல்ல?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, நம்ம தோட்டத் திடல்ல புல்லு வெட்டியே எத்தனை மாசமாச்சு. அரங்கம் கட்டினா அதுல யாரு விளையாடுவா?" என்றார்.

இரண்டும் நல்ல கேள்விகள். விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் காலாங் ஆற்றங்கரைக்குப் போனால் போதும்.

விமானம் இறங்கிய இடத்தில் பந்து

காலாங்கில் 1937ஆம் ஆண்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. 1955இல் அது மூடப்பட்ட பிறகு, அந்த நிலத்தில் தேசிய அரங்கம் கட்ட முடிவாயிற்று. புதிதாகச் சுதந்திரம் பெற்ற சின்ன நாட்டில் பணத்துக்கு எங்கே போவது? 1968இல் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. மக்கள் வாங்கிய லாட்டரிச் சீட்டுப் பணம் அரங்கமாக உயர்ந்தது! 1973 ஜூலை 21ஆம் தேதி, 55,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கத்தைப் பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார்.

மலேசியக் கிண்ண ஆட்டங்களில் அங்கே எழுந்த இரைச்சலைக் 'காலாங் முழக்கம்' என்றார்கள். 1977இல் சமாட் அல்லாப்பிச்சை தலைமையில் சிங்கப்பூர் கிண்ணத்தை வென்றது. 1994 இறுதியாட்டம் ஷா ஆலாமில் நடந்தது. நமது பகாங் குழுவை 4-0 என்று அவர்கள் வீழ்த்தியதை இந்த மலையில் இன்னும் பலர் மறக்கவில்லை!

நாற்றம் போனது எப்படி?

ஆனால் நேயர்களே, அரங்கம் திறந்த அன்று பக்கத்தில் ஓடிய தண்ணீர் எப்படி இருந்தது தெரியுமா? பன்றிப் பண்ணைக் கழிவு, அங்காடிக் குப்பை, கழிவுநீர் வடிகால் இல்லாத குடிசைகளின் அசுத்தம் எல்லாம் அதில் கலந்தன. 55,000 பேர் கைதட்டியும் ஆறு சுத்தமாகவில்லை.

1977இல் பத்தாண்டுக் கெடு வைத்துச் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் சுத்தப்படுத்தத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருவோர அங்காடிகள் உணவங்காடி நிலையங்களுக்குள் வந்தன. பழகிய இடத்தையும் தொழிலையும் இழந்தவர்களுக்கு அது எளிதான காலமல்ல. 1987இல் வேலை முடிந்தது. அதன் பிறகுதான் அந்தக் கரை, மக்கள் விரும்பி நடக்கும் கரையாயிற்று.

2010இல் அரங்கத்துக்கென்றே எம்ஆர்டி நிலையம் வந்தது. பழைய அரங்கத்தை இடித்துவிட்டு, 133 கோடி வெள்ளிச் செலவில், திறந்து மூடும் கூரையோடு புதிய விளையாட்டு மையத்தை 2014இல் திறந்தார்கள். நடத்தும் பொறுப்பு தனியார் கூட்டமைப்பிடம் இருந்தது. அதே ஆண்டு பிரேசிலும் ஜப்பானும் மோத வந்தபோது திடலில் புல் சரியில்லை என்ற புகார் எழுந்தது. கோடிக்கணக்கில் செலவழித்த இடத்திலும் பெரியவரின் அதே புல் பிரச்சினை! 2022 டிசம்பரில் அரசாங்கமே மையத்தை ஏற்றுக்கொண்டது. பொதுமக்கள் அதிகமாகப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

நம் நாட்டிலும் ஒரு பாடம்

பினாங்கு மாநிலத்தின் பத்து காவானை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்தில் தமிழர்கள் உழைத்த மண் அது. 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிக்காக அங்கே 40,000 இருக்கைகளோடு அரங்கம் எழுந்தது. போட்டி முடிந்தது. சுற்றிலும் செம்பனைதான், பக்கத்தில் ஊர் வளரவில்லை. 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலம் அங்கே வந்து இறங்கியது. தொழிற்பேட்டையும் கடைகளும் பெருகின. பத்து காவானை நகரமாக்கியது பாலமும் வேலை வாய்ப்பும்தான்.

இங்கிலாந்தின் லிவர்பூலில் எவர்ட்டன் குழு, 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கை விட்டு, 2025இல் பழைய கப்பல்துறையில் கட்டிய அரங்கத்துக்கு மாறியது. பாழ்பட்டுக் கிடந்த துறைமுகப் பகுதி மீண்டும் எழும் என்று அங்கே நம்புகிறார்கள். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. கரையோரக் கட்டுமானங்களைக் காரணம் காட்டி, 2021இல் யுனெஸ்கோ அந்த நகரை உலக மரபுப் பட்டியலிலிருந்து நீக்கியது. பழைய அரங்கத்தை இடிக்காமல் பெண்கள் குழுவுக்குக் கொடுத்தது மட்டும் பாராட்டத்தக்கது.

இனி ரிங்லெட்டுக்கு வருவோம். அந்த ஏரி, மின் உற்பத்திக்காக 1960களில் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையால் உருவானது. மலைச்சரிவுகளைத் திருத்தத் திருத்த, மண் அரித்து ஏரியில் சேறு படிந்தது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணைநீர் திறக்கப்பட்டு, பெர்தாம் வேலியில் உயிர்கள் பறிபோயின. அந்தக் கரையில் அரங்கம் கட்டும் முன், நீரையும் சரிவையும் காப்பாற்ற வேண்டாமா? ஊரில் தங்க நினைக்கும் பிள்ளைக்குச் சொந்த வீடும் நல்ல வேலையும் வேண்டாமா?

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த இளைஞரும் பெரியவரும் சேர்ந்தே என்னிடம் வந்தார்கள். தோட்டத் திடலைச் சீர்படுத்தக் கேட்டு, எல்லாரும் கையெழுத்திட்டு ஒரு மனு எழுதப் போவதாகச் சொன்னார்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். பெரியவர் பேரனைக் காட்டினார். "விளையாடப் போறவன் இவன்தானேம்மா!"