மூளை வீக்கம்: ஆய்வும் மருத்துவமும்

மூளைத் திசுவில் அளவுக்கு மீறி நீர் கோத்து அதன் பருமன் பெருகும் நிலை மூளை வீக்கம் எனப்படும். தலைக்காயம், பக்கவாதம், மூளைக்கட்டி, மூளைக்காய்ச்சல் ஆகிய பல நோய்களில் இது நேரும். கை கால் வீங்கினால் தோல் நெகிழ்ந்து இடம் தரும். வளர்ந்தவரின் மண்டையோடு அவ்வாறு நெகிழாது. மண்டையோடு ஒரு மூடிய பெட்டி என்பதை ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்றோ 1783இலும் ஜார்ஜ் கெல்லி 1824இலும் எடுத்துரைத்தனர். மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றில் ஒன்று பெருகினால் மற்றவை குறைந்தாக வேண்டும் என்று பின்வந்தோர் அக்கருத்தை விரித்தனர். குறைவதற்கு இடமில்லாதபோது மண்டையின் உள்ளழுத்தம் ஏறி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, இறுதியில் மூச்சை இயக்கும் மூளைத்தண்டு நசுங்குகிறது.

மருந்தால் மூளையைச் சுருக்கலாம் என்பது வேறொன்றைத் தேடிய ஆய்வில் வெளிப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வீடும் பால் மெக்கிபனும், இரத்தத்தில் செலுத்திய உப்பு தண்டுவட நீருக்குள் செல்கிறதா என்று ஆராய்ந்தபோது, செறிந்த உப்புக் கரைசல் ஏற்றிய பிறகு முதுகில் செருகிய ஊசி வழியே நீரே வராமல் போனதைக் கண்டனர். அந்தத் தடங்கலைப் பிழையென்று ஒதுக்காமல், மயக்கமருந்து கொடுத்த பூனைகளின் மண்டையைத் திறந்து நோக்கினர். உப்புக் கரைசல் ஏறியதும் மூளை ஓட்டிலிருந்து விலகிச் சுருங்கியது. வெறும் நீர் ஏறியபோது திறந்த துளை வழியே பிதுங்கியது. உப்பிலிட்ட மாங்காய் நீர் விட்டுச் சுருங்குவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: செறிவு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் நகர்கிறது. 1919இல் வெளியான இந்த முடிவுகளின் வழியில்தான் 1950களில் யூரியாவும் 1960களின் தொடக்கத்தில் மானிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலும் மருந்தாயின.

அழுத்தத்தை அளக்கும் முறையை நிலைநாட்டியவர் சுவீடனின் நில்ஸ் லுண்ட்பெர்க். மூளையின் உள்ளறைக்குள் மெல்லிய குழாய் செருகி, மணிக்கணக்கில் அழுத்தத்தைப் பதிவுசெய்த அவரது ஆய்வு 1960இல் வெளியாயிற்று. வெளியே அமைதியாகத் தெரியும் நோயாளியின் அழுத்தம், இயல்பான 15 மில்லிமீட்டர் பாதரச அளவைக் கடந்து 50க்கும் மேல் ஏறிப் பல நிமிடங்கள் நின்று இறங்குவதை அது காட்டியது. 1967இல் ஆய்வாளர் இகோர் கிளாட்சோ வீக்கத்தை இரண்டாக வகுத்தார்: இரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து உயிரணுக்களுக்கு வெளியே நீர் தேங்குவது ஒன்று, சுவர் கெடாமலே உயிரணுக்கள் நீரை உறிஞ்சி உப்புவது மற்றொன்று.

எல்லா வீக்கமும் ஒன்றல்ல என்பது எவ்வளவு முக்கியம் என்று பின்னரே புரிந்தது. மின்னசோட்டாவில் கலிசிச், பிரெஞ்ச் என்னும் மருத்துவர்கள் 1961இல் வெளியிட்ட ஆய்வில், மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கம் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டுக்கு நன்கு கட்டுப்பட்டது. அப்பயன் இன்றும் மெய்யே. கட்டிக்கு உதவியது காயத்துக்கும் உதவும் என்ற நம்பிக்கையில் தலைக்காயம் பட்டோருக்கும் பல்லாண்டுகள் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. லண்டனிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு, 10,008 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடந்த ‘கிராஷ்’ ஆய்வு 2004இல் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. மெத்தில்பிரெட்னிசலோன் பெற்றோரில் இரண்டு வாரத்துக்குள் 21.1 விழுக்காட்டினரும், பெறாதோரில் 17.9 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். நன்மை செய்வதாக எண்ணிக் கொடுத்த மருந்து உயிர்களைப் பறித்திருந்தது என்பதை மருத்துவ உலகம் ஏற்க வேண்டியதாயிற்று. மூளை வீக்க ஆய்வில் இதைவிடக் கனமான பாடம் இல்லை.

மருந்துக்கு அழுத்தம் அடங்காதபோது மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி மூளைக்கு இடம் தரும் அறுவையும் இவ்வாறே சோதிக்கப்பட்டது. 408 தலைக்காய நோயாளிகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாத இறப்பு 48.9 விழுக்காட்டிலிருந்து 26.9 ஆகக் குறைந்தது. ஆனால் உணர்வற்ற நிலையில் வாழ்வோர் 2.1இலிருந்து 8.5 விழுக்காடாகக் கூடினர். உயிர் மீட்பதும் வாழ்வை மீட்பதும் ஒன்றல்ல என்பதால், அறுவைக்கு முன் குடும்பத்தாரிடம் இந்த இரு எண்களையும் சொல்வது மருத்துவரின் கடமை.

நீரிழிவு மருந்தான கிளிபென்கிளமைடு உயிரணு வீக்கத்துக்குக் காரணமான அயனி வழியை அடைக்கும் என்ற எதிர்பார்ப்பில், பெரிய பக்கவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது; 2024இல் வெளியான முடிவில் அவர்களது செயல்திறன் மேம்பட்டதாகத் தெரியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மானிட்டாலும் செறிந்த உப்புக் கரைசலுமே இன்றும் முதன்மை மருந்துகளாக உள்ளன.