அக்சஸிபிள் சர்ச்: பார்வையற்றோருக்கான கூகுள் தேடல்

2006 ஜூலையில் ‘கூகுள் லேப்ஸ்’ என்ற சோதனைத் தளத்தில் கூகுள் வெளியிட்ட தேடல் சேவை, அக்சஸிபிள் சர்ச். தேடிய சொல்லுக்குப் பொருத்தமான பக்கங்களில், பார்வையற்றவர்கள் சிரமமின்றிப் படிக்கக்கூடியவற்றை அது மேலே கொண்டுவந்தது.

இதை உருவாக்கியவர் டி.வி. ராமன். புனேயைச் சேர்ந்த அவர் 14 வயதில் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தார். கணிதச் சமன்பாடுகளைக் குரலாக மாற்றும் ‘ஆஸ்டர்’ மென்பொருளுக்காக 1994-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆஸ்டர் என்பது அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும்கூட.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் ஒரு பக்கத்தில் உள்ளதை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். கண் நொடியில் தாண்டிவிடும் விளம்பரங்களும் இணைப்புகளும் காதில் ஒவ்வொன்றாக விழும். நிரலில் தலைப்புகள் தலைப்பாகவே குறிக்கப்பட்டிருந்தால், ஜாஸ், என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர் ‘எச்’ விசையைத் தட்டி ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். எழுத்தை வெறுமனே பெரிதாக்கித் தடிமனாக்கி வைத்திருந்தால் அந்த விசைக்கு எதுவும் சிக்காது. படமாகப் போட்ட பொத்தானுக்கு மாற்று உரை (படத்தைச் சொல்லால் விளக்கும் குறிப்பு) எழுதாவிட்டால் இன்னும் மோசம்: ‘பொத்தான்’ என்று மட்டும் கேட்கும். அது ‘பணம் செலுத்து’வா ‘ரத்து செய்’யா என்பது அழுத்தினால்தான் தெரியும்.

ராமனின் சேவை பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டைப் பார்த்தே மதிப்பிட்டது. படங்களை அணைத்த பிறகும் உள்ளடக்கம் நிற்கிறதா, கண்ணைக் கவரும் அலங்காரங்கள் குறைவா என்பவை முக்கியமான அளவுகோல்கள். நல்ல யோசனைதான். ஆனால் குறியீட்டை வைத்துச் செய்யும் எந்த மதிப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. மாற்று உரை இருக்கிறதா என்பதை இயந்திரம் உடனே கண்டுபிடித்துவிடும். யாராவது ‘படம்’ என்ற ஒரே சொல்லை எழுதி வைத்திருந்தால் அதையும் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். இயந்திரத்துக்கு எட்டும் குறைகளே ஏராளம். அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதிக்கிறது. ஒவ்வொரு முறையும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் குறை காணப்பட்டது.

கூகுள் லேப்ஸ் 2011-இல் மூடப்பட்டது. அக்சஸிபிள் சர்ச்சும் இன்று இல்லை. ஒரு பக்கத்தின் அணுகல்தன்மை அதன் தேடல் தரவரிசையை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை என்று கூகுள் தரப்பு கூறியிருக்கிறது. மாற்று உரை மட்டும் வேறொரு வழியில் பயன்படுகிறது: படத்தில் என்ன இருக்கிறது என்பதை அறிய, கூகுளின் படத் தேடல் அதையும் படிக்கிறது.