மட்டாஞ்சேரிச் சரக்குகளில் பூஞ்சை நச்சு

அறுவடையான தானியம், கடலை, நறுமணப் பொருள்கள் சரிவரக் காயாமல் கிடந்தால் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணங்களில் சில சுரக்கும் நஞ்சே பூஞ்சை நச்சு. இவற்றுள் மிகக் கொடியது ஆஸ்பெர்கிலஸ் ஃபிளேவஸ் போன்ற பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின். இது ஈரலைக் கெடுக்கும்; நாள்பட உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோயைத் தரக்கூடும். 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றுக்குத் தீவனமாக வைத்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்து இந்த நச்சைக் கண்டறிந்தார்கள்.

இந்தியாவில் இது மனித உயிர்களைப் பறித்தது 1974இல். குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டங்களில் அறுவடை வேளையில் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்தது. வேறு தானியமில்லாத ஏழைப் பழங்குடிக் குடும்பங்கள் அதையே உண்டன. 397 பேருக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்கோப்பும் கண்டன. 106 பேர் இறந்தனர். அதே மக்காச்சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன.

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு மிளகு, சுக்கு, சாதிக்காய் வணிகத்தோடு இதே கவலையும் உண்டு. உப்பங்கழியை ஒட்டிய பஜார் சாலைப் பண்டகசாலைகளில் காற்றே ஈரமானது. மிளகைச் சுமார் 11 விழுக்காடு ஈரத்துக்குக் கீழே காயவைத்தாலும், சாக்கு தரையையோ சுவரையோ தொட்டால் ஈரத்தை மீண்டும் இழுத்துக்கொள்ளும். மரத்தட்டுமேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குவது அதனால்தான்.

ஆனாலும் கேடு பெரும்பாலும் தோட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. சாதிக்காய் இதற்குத் தெளிவான சான்று. கேரளத்தில் அது பழுத்து வெடிப்பது பெரிதும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை, கொட்டும் மழையில். விதை சேற்றில் விழுகிறது. பூஞ்சையும் மண்ணில்தான் வாழ்கிறது. அன்றன்றே பொறுக்கி, சாதிபத்திரியைப் பிரித்து, உலர்த்தியில் காயவைக்க வேண்டும். உள்ளே பருப்பு சுருங்கி, குலுக்கினால் கடகடக்கும் வரை காய வேண்டும். ஓடு விரிந்த காய்களும் புழு துளைத்தவையும் தனியே கழிக்கப்பட வேண்டியவை; மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் உடைத்தால் உள்ளே பச்சைப் பூசணம் இருக்கக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியம் சாதிக்காய், மிளகு, இஞ்சி ஆகியவற்றில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரையே மொத்த அஃப்ளாடாக்சினை அனுமதிக்கிறது. இந்திய வரம்பு 30. கடல்கடந்து போகும் சரக்குக்கு உள்ள கண்டிப்பு நம் அடுக்களைக்கு வரும் சரக்குக்கு இல்லாதது நியாயமன்று.

சமையல் சூட்டில் இந்த நச்சு அழியாது. பூசணம் பிடித்த சாதிக்காயையோ சுக்கையோ துடைத்து, வெயிலில் போட்டு, திரும்ப டப்பாவில் வைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.