பெண்டன் பார்வா: எங்கும் இல்லாத ஊரின் மெய்யான வீடுகள்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுசயரில் லாங் விட்டன்ஹாம் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்குள்ள பெண்டன் அருங்காட்சியகத்துக்குப் பலரும் சிற்றுரு ரயில்களைக் காணவே செல்கின்றனர். ஆனால் உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் ரயில் பின்னுக்குப் போய்விடுகிறது. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் கணக்கில், 76இல் ஒரு பங்காகச் சுருங்கிய ஓர் ஊர் கண்முன் விரிகிறது. ஆறடி உயர மனிதன் அங்கே 24 மில்லிமீட்டர்தான். வைக்கோல் வேய்ந்த கூரையின் சரிவு, செங்கற் சுவரில் படிந்த கறை, வேலியோரப் பூச்செடி ஆகியவற்றைக் குனிந்து பார்ப்பவருக்கு, தொலைவில் ஒரு நீராவி எஞ்சின் கடந்து போனதே தெரியாமல் போகக்கூடும்.

சிற்றுரு ரயிலின் வரலாற்றில் நிலக்காட்சி நெடுங்காலம் ஒட்டுப்பொருளாகவே இருந்தது. 1891இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் தண்டவாள அகலங்களை ஒழுங்குபடுத்தி விற்கத் தொடங்கியபோதும், 1920இல் ஃபிராங்க் ஹார்ன்பியின் ரயில்கள் பிரிட்டன் கடைகளுக்கு வந்தபோதும், அவை வீட்டுத் தரையில் ஓடிய பொம்மைகளே. தகரச் சுரங்கம் ஒன்றும் தகர நிலையம் ஒன்றும் இருந்தால் அதுவே ‘ஊர்’. பின்னர் ஜான் ஆஹெர்ன் தம் ‘மேடர் பள்ளத்தாக்கு’ என்னும் கற்பனை நிலப்பகுதியை அமைத்தபோது, துறைமுகமும் தெருக்களும் வயல்களும் முதன்மை பெற்றன. ரயில் அவற்றினூடே செல்லும் ஒரு பொருளாயிற்று. அந்த அமைப்பும் இன்று பெண்டனில்தான் பாதுகாக்கப்படுகிறது.

பெண்டனை நிறுவிய ராய் இங்கிலாந்து, பெயரில் அந்நாட்டைத் தாங்கியிருந்தாலும், ஆஸ்திரேலியர். 1925இல் பிரிட்டனுக்கு வந்த அவர், ஸ்விண்டன் நகரை ஒட்டிய ‘வெண்குதிரைப் பள்ளத்தாக்கு’ப் பகுதியில் தங்கினார். குன்றின் சரிவில் சுண்ணாம்புக் கல்லால் வரையப்பட்ட, ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழமையுடைய பெருங்குதிரையால் பெயர்பெற்ற நிலம் அது. அங்கே வேய்கூரைகள் அகற்றப்பட்டுத் தகரமும் ஓடும் ஏறுவதையும், பழங்குடில்கள் பராமரிப்பின்றிச் சிதைவதையும் அவர் கண்டார். காப்பாற்ற இயலாதவற்றை அளவெடுத்துச் சிற்றுருவாகவாவது வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். உள்ளூரார் அன்றாடம் கண்டு பழகியதை அயலார் ஒருவர் ஆவணமாகக் கண்டது வியப்பன்று; இலக்கண நூல்கள் பலவும் அவ்வாறே தோன்றியுள்ளன. 1954இல் லாங் விட்டன்ஹாமின் பழைய மதுவிடுதிக் கட்டடம் ஒன்றில் அவர் பணி நிலைகொண்டது. தன்னார்வலர்கள் சேர்ந்தனர்.

அவர்களுடைய பணிமுறையே இதை வரலாற்று மாணவர்களுக்குரிய பொருளாக்குகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அளவுகளும் புகைப்படங்களும் திரட்டப்பட்டன. சுவர்கள் அட்டையால் ஆனவை; செங்கற்கள் ஒவ்வொன்றாகக் கீறப்பட்டு நீர்வண்ணம் தீட்டப்பட்டன. கூரை வேய நார் பயன்பட்டது. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் செங்கல்லின் நிறத்தைச் சொல்லாது. சிற்றுருவோ ஏதேனும் ஒரு நிறத்தைத் துணிந்து சொல்லியே ஆகவேண்டும். ஆகவே இங்கே வண்ணம் பூசுவதும் ஒரு வரலாற்று முடிவு. இதே பிடிவாதம் தண்டவாளத்திலும் தெரிகிறது. கடைகளில் எளிதாகக் கிடைத்த 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் இந்த அளவுகோலுக்குக் குறுகலானது. பெண்டன் 18 மில்லிமீட்டரைத் தேர்ந்தது. இதனால் வாங்கக்கூடிய பலவற்றையும் தாமே செய்யவேண்டியதாயிற்று.

இவ்வளவு கண்டிப்புக்கும் பிறகு, அந்த ஊர் எங்கும் இருந்ததில்லை. ‘பெண்டன் பார்வா’ கற்பனைப் பெயர். வெவ்வேறு ஊர்களில் நின்ற மெய்யான வீடுகள் ஒரே தெருவில் கூட்டி வைக்கப்பட்டுள்ளன. வரலாற்று மொழியியல் பயின்றோருக்கு 1868இல் அவுகுஸ்ட் ஷ்லைக்கர் செய்தது நினைவுக்கு வரும். மீட்டுருவாக்கம் செய்த தொல் இந்தோ-ஐரோப்பியச் சொற்களைக் கொண்டு, ஆடும் குதிரைகளும் பேசும் ஒரு கதையை அவர் எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று காட்டினார். அந்த உரையை யாரும் பேசியதில்லை. உறுப்புகள் மெய், கூட்டு புனைவு. சான்று எங்கே முடிந்து கற்பனை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாதபடி அமைவதே இரண்டின் வெற்றியும் இடரும்.

இன்னொரு ஒப்புமையும் உண்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் ஆங்கிலக் கிளைமொழிக் கள ஆய்வு நடந்தது 1950 முதல் 1961 வரை. ஏறக்குறைய பெண்டன் உருப்பெற்ற அதே காலம். 313 இடங்களில் 1300க்கும் மேற்பட்ட வினாக்கள் கேட்கப்பட்டன. விடையளித்தவர்களில் பெரும்பாலோர் உழவுத்தொழில் சார்ந்த, அறுபது வயது கடந்த ஆண்கள். நகரப் பேச்சும் இளையோர் பேச்சும் பெண்கள் பேச்சும் பெரும்பாலும் விடுபட்டன. அழிவதற்குமுன் எடுத்துவைக்க வேண்டும் என்னும் அவசரம், எது ‘தூய’ பழமை என்னும் தேர்வையும் உடன் கொண்டுவருகிறது. தகரக் கூரைக்கு மாறிய வீடும் அக்காலத்து வீடுதானே?

அந்த வேய்கூரைகளின் கீழ் வாழ்ந்தோர் யார் என்பதையும் கேட்கவேண்டும். 1921இல் உழவுத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச ஊதியப் பாதுகாப்பு நீக்கப்பட்டது, கூலி சரிந்தது, 1924இல் வேறொரு சட்டம் தேவைப்பட்டது. பல குடில்கள் வேலையோடு பிணைக்கப்பட்டவை: வேலை போனால் வீடும் போகும். ஈரச்சுவரும், வெளியிலிருந்து சுமந்து வரும் நீரும் பலருக்கும் அன்றாடம். 1919ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிகள் கட்டிய வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் தம் பழைய கூரைக்காகக் கண்ணீர் விட்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை. 76இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஈரம் அழகிய பாசிக்கறையாகிவிடுகிறது. இது தனி ஒருவரின் குறையன்று, அளவுகோலின் இயல்பு. ஆனால் அந்தக் கறையை அவ்வளவு துல்லியமாகத் தீட்டியிராவிட்டால், ஈரத்தைப் பற்றிய கேள்வியே எழுந்திராது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ராய் இங்கிலாந்து வழக்குரைக்கவில்லை, அளவெடுத்தார். அந்த அளவுகளைக் கொண்டு அவர் கேளாத கேள்விகளையும் பிறர் கேட்க முடிகிறது.

அவர் 1995இல் மறைந்தார். பள்ளத்தாக்குக் காட்சியின் பணி அதன் பின்னரும் தொடர்ந்தது. அருங்காட்சியகத்துக்குச் சில மைல் தொலைவிலுள்ள டிட்காட்டில், அனல்மின் நிலையத்தின் ஆறு பெரும் குளிர்விப்புக் கோபுரங்கள் பல பத்தாண்டுகள் அந்நிலப்பரப்பின் அடையாளமாக நின்றன. 1920களின் நிலத்தை ஆளும் பெண்டன் பார்வாவின் வானத்தில் அவற்றுக்கு இடமில்லை. 2014இல் மூன்றும், 2019 ஆகஸ்டில் எஞ்சிய மூன்றும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அதிகாலையிலேயே திரண்டு நின்று மக்கள் அதைப் படம் பிடித்தனர்.