சுழலும் நீரும் தங்கும் உப்பும்

தொழிற்சாலைகளின் மறுசுழற்சி நீரைப் பற்றிய நம் கணக்குகள் பெரும்பாலும் எத்தனை லிட்டர் நன்னீர் மிச்சமாயிற்று என்பதோடு நின்றுவிடுகின்றன. குளிர்விப்புக் கோபுரங்களைப் பொறுத்தவரை இது அரைக் கணக்கே. அங்கே முதலில் கணக்கெடுக்க வேண்டியது உப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

கண்டென்சரில் சூடேறிய நீர் கோபுரத்தின் மேலிருந்து சிதறி இறங்கும்போது ஒரு சிறு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர்விக்கிறது. 10 பாகை செல்சியஸ் குளிர, சுழலும் நீரில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு ஆவியாக வேண்டும். நிர்வாகத் திறமையால் இதைக் குறைக்க வழியில்லை. ஆவியோடு உப்பு போவதில்லை. தொட்டியில் அதன் செறிவு ஏறிக்கொண்டே இருக்கும். எனவே கொஞ்சம் நீரை வெளியே விட்டு, இழந்த அளவுக்கு ஈட்டுநீர் சேர்க்கிறார்கள். ஈட்டுநீரைவிடச் சுழலும் நீரில் உப்பு எத்தனை மடங்கு என்பதே செறிவுச் சுற்று.

100 லிட்டர் ஆவியாவதாகக் கொள்வோம். செறிவுச் சுற்று 5 என்றால் வெளியேற்றம் 25 லிட்டர், ஈட்டுநீர் 125. சுற்று 25 ஆனால் வெளியேற்றம் 4 லிட்டர் சொச்சம், ஈட்டுநீர் 104. ஈட்டுநீரில் மிச்சமாவது ஆறில் ஒரு பங்குதான். வெளியேற்றமோ ஆறில் ஒரு பங்காகவே சுருங்கிவிடுகிறது. ஆக, சுற்றை மிக உயர்த்துவதன் பெரும்பயன் கழிவைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

அரிசோனா பாலைவனத்தின் பாலோ வெர்டே அணுமின் நிலையம் இதற்குச் சான்று. கடலோ பேராறோ அருகில் இல்லாத அந்நிலையத்தின் மூன்று உலைகளும் ஃபீனிக்ஸ் வட்டாரத்தின் சுத்திகரித்த கழிவுநீரால் குளிர்கின்றன. செறிவுச் சுற்று 25 வரை போகும். வெளியேற்றும் உவர்நீருக்குப் போக்கிடம் இல்லை; அடித்தளமிட்ட ஆவியாக்கக் குளங்களிலேயே அது வற்ற வேண்டும். கழிவுநீரின் அம்மோனியா பித்தளைக் குழாய்களை அரிக்கும். பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படிவாகும். ஆகவே சொட்டு வடிகட்டியில் நுண்ணுயிர்களைக் கொண்டு அம்மோனியாவையும், சுண்ணாம்பிட்டு பாஸ்பேட்டையும் முன்னதாகவே அகற்றுகிறார்கள்.

சென்னை வேறு வழியில் போனது. மணலியின் பெட்ரோலியச் சுத்திகரிப்பாலை 1990களின் தொடக்கத்திலிருந்தே நகரக் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் தூய்மையாக்கிப் பயன்படுத்தி வருகிறது. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. கிடைக்கும் நீர் அருமையானது, கோபுரத்துக்கும் கேடில்லை. ஆனால் 75 விழுக்காடு மீட்பு என்று வைத்துக்கொண்டால், அதே 100 லிட்டர் ஆவியாதலை ஈடுசெய்யும் 105 லிட்டர் ஈட்டுநீர் பெற 140 லிட்டர் உள்ளே போக வேண்டும். 35 லிட்டர் உவர்நீர் நிலையத்திலேயே ஒதுங்குகிறது. ஐந்து சுற்றில் ஓடும் கோபுரம் வெளியேற்றுவதைவிட இது அதிகம். கோபுரத்தின் வாயிலில் குறைந்த உப்பு, ஆர்.ஓ. நிலையத்தின் வாயிலுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

தமிழ்நாட்டு விதியோ கழிவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. செறிவை மட்டும் அளக்கும் இவ்வரம்பு, நீரை அதிகம் சுழற்றுபவருக்கே தடை. சுற்றைக் குறைத்து, நீரைத் தாராளமாக வெளியே விடுபவர் சுலபமாகத் தேறிவிடுவார். உப்பின் மொத்த எடை இருவரிடமும் பெரிதும் மாறுவதில்லை. கோயம்பேட்டு நீர் போய்ச் சேரும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள் கடலோரத்தில் இல்லை. அங்குள்ள ஆலைகளுக்கு இசைவு வழங்கும்போது, நாளொன்றுக்கு எத்தனை கிலோ உப்பு வெளியேறுகிறது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்ற இரண்டையும் வரம்பிலேயே எழுதிவிட வேண்டும்.