டாப் கியர் (முதல் பருவம், 2002)

டாப் கியரின் முதல் பருவம், பிபிசியின் மோட்டார் வாகனத் தொலைக்காட்சி நிகழ்ச்சி புதிய வடிவில் மீண்டும் தொடங்கியபோது ஒளிபரப்பான முதல் தொகுதியாகும். பத்து அத்தியாயங்களைக் கொண்ட இது, 2002 அக்டோபர் 20 முதல் டிசம்பர் 29 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பிபிசி டூ அலைவரிசையில் வெளியானது.

பின்னணி

பழைய டாப் கியர் 1977இல் பர்மிங்காமிலிருந்து வட்டார நிகழ்ச்சியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் விரிந்தது. புதிய கார்களின் மதிப்பீடும் சாலைப் பாதுகாப்பும் நிறைந்த அரைமணி நேர நிகழ்ச்சி அது. 2001இல் பிபிசி அதை நிறுத்தியது. அதன் முன்னாள் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சனும் அவருடைய பள்ளித் தோழரான தயாரிப்பாளர் ஆண்டி வில்மேனும் புதிய திட்டம் ஒன்றை பிபிசியிடம் முன்வைத்தனர். அதன்படி நிகழ்ச்சியின் நீளம் ஒரு மணி நேரமானது. அரங்கில் பார்வையாளர்கள் இடம்பெற்றனர்.

களம்

சர்ரே மாவட்டத்திலுள்ள டன்ஸ்ஃபோல்ட் விமானத்தளம் படப்பிடிப்புக் களமானது. இரண்டாம் உலகப்போரின்போது கனடா இராணுவம் அமைத்த இத்தளத்தில், பின்னாளில் ஹாரியர் போர் விமானங்கள் சோதிக்கப்பட்டன. விமானக் கொட்டகை ஒன்று அரங்கமாகவும், ஓடுபாதைகள் சோதனைத் தடமாகவும் மாறின. ஏறத்தாழ 2.8 கி.மீ. நீளமுள்ள தடத்தை வகுத்தவர்கள் லோட்டஸ் நிறுவனப் பொறியாளர்கள்.

தொகுப்பாளர்கள்

கிளார்க்சனுடன் ரிச்சர்ட் ஹேமண்டும், பழைய கார் வணிகம் அறிந்த ஜேசன் டாவும் தொகுத்து வழங்கினர். தலைக்கவசத்தைக் கழற்றாத, வாய் திறக்காத ஓட்டுநர் ‘தி ஸ்டிக்’ கறுப்பு உடையில் அறிமுகமானார். உள்ளே இருந்தவர் முன்னாள் பந்தய ஓட்டுநர் பெர்ரி மெக்கார்த்தி என்ற செய்தி, பருவம் முடிந்த பிறகு 2003 ஜனவரியில் நாளிதழ் வழியே வெளிவந்தது.

முக்கியப் பகுதிகள்

ஒவ்வொரு வாரமும் ஸ்டிக் ஒரு காரைத் தடத்தில் ஓட்டிச் சுற்று நேரம் பதிவுசெய்தார். முதல் அத்தியாயத்தில் லம்போர்கினி முர்சியேலாகோவும் பகானி சோண்டாவும் இறங்கின. அதே அத்தியாயத்தில், எந்த வேகத்தில் சென்றால் வேகக் கண்காணிப்புக் கேமராவில் சிக்காமல் தப்பலாம் என்றும் சோதித்தனர். மணிக்கு 170 மைலைத் தாண்டிய டிவிஆர் டஸ்கன் தப்பியது. மோட்டார் சைக்கிள்களின் வரிசையை மாடிப் பேருந்து தாவிக் கடக்க முயன்றதும், பாட்டிமாருக்குச் சாகச ஓட்டம் கற்பித்ததும் பின்னர் வந்தவை.

விருந்தினர் பகுதியில் பிரபலங்கள் அனைவரும் விலை குறைந்த சுசுகி லியானா காரையே ஓட்டினர். ஒரே வண்டி என்பதால் நேர வேறுபாட்டுக்கு வண்டியைக் காரணம் காட்ட முடியவில்லை. நகைச்சுவை நடிகர் ஹாரி என்ஃபீல்ட் முதல் விருந்தினர். ஜே கே, ஸ்டீவ் கூகன் ஆகியோரும் பங்கேற்றனர். நடிகர் மைக்கேல் கேம்பன் கடைசி வளைவில் திரும்பும்போது, லியானா ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டெழக் கவிழும் நிலைக்குப் போய் மீண்டது. அந்த வளைவுக்கு அன்றிலிருந்து கேம்பன் பெயரே நிலைத்தது.

பின்விளைவு

2003 மே மாதம் தொடங்கிய இரண்டாம் பருவத்தில் ஜேசன் டாவின் இடத்துக்கு ஜேம்ஸ் மே வந்தார். மூன்றாம் பருவத் தொடக்கத்தில், விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து காரோடு கடலில் விழுந்ததாகக் காட்டிக் கறுப்பு ஸ்டிக்குக்கு விடைகொடுத்தனர். அவருக்குப் பின் வெள்ளை உடை ஸ்டிக் வந்தார். ஆட்கள் மாறினாலும் தடம், சுற்று நேரப் பட்டியல், விருந்தினர் ஓட்டம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்த பருவங்களிலும் நிகழ்ச்சியின் அடிப்படைக் கூறுகளாகத் தொடர்ந்தன.